கம்பைல் ஆனால் பேக்கேஜ் ஆகிவிடாது

சின்ன நிரல் ஒன்றை, லினக்ஸ் டிஸ்ட்ரோவான டெபியனில் நிறுவும்படி பேக்கேஜ் கட்டுவது ஒரு மாலை வேலை. கண்ட்ரோல், ரூல்ஸ், சேஞ்ச்லாக், காப்பிரைட் என்று நாலு கோப்பு. ரூல்ஸ் கோப்பில், பேக்கேஜ் கட்ட உதவும் டெப்ஹெல்பர் கருவியை அழைக்கும் மூன்று வரி. முடிந்தது. 20 லட்சம் வரி சி++, வயிற்றுக்குள் 40 லைப்ரரி, பைத்தான் செருகுநிரல்கள், 60 மொழிபெயர்ப்பு, 300 எம்பி ஐகானும் மாதிரிக் கோப்பும் என்று வந்து நிற்கும் மென்பொருளுக்கும் அதே நாலு கோப்புதான். ஆனால் அதில் கம்பைல் என்பது வேலையின் சின்னத் துண்டு. நேரமெல்லாம் அதற்கு முன்னாலும் பின்னாலும் போகிறது: மூலநிரல் மூட்டையாக வரும் டார்பாலில் எதை வெட்டுவது என்று முடிவெடுப்பதில் ஒரு பாதி, அடுத்த பதிப்புக்கு அப்கிரேட் செய்பவர் கையில் உடையாமல் பார்த்துக்கொள்வதில் மறு பாதி.

இங்கே சொல்வது டெபியனை வைத்து. ஃபெடோராவிலும் மற்ற டிஸ்ட்ரோக்களிலும் கோப்புகளின் பெயர் மாறும், தலைவலி மாறாது.

டார்பாலைப் பிரித்துப் பார்ப்பது

மூல ஆசிரியர்களின் கவலை, தங்கள் மென்பொருள் எந்தக் கணினியிலும் ஓட வேண்டும் என்பது. அதனால் தேவையான லைப்ரரிகளையெல்லாம் தேர்ட்_பார்ட்டி, எக்ஸ்டர்னல், வெண்டர் என்று ஏதோ ஒரு அடைவில் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். டிஸ்ட்ரோவின் கவலை நேர் எதிர்: ஒரு லைப்ரரி ஒரே இடத்தில்தான் இருக்க வேண்டும். இது வெறும் சுத்தப் பைத்தியம் இல்லை. 2023 செப்டம்பரில் லிப்வெப்பி லைப்ரரியில் ஒரு பெரிய பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தது. சிஸ்டத்தில் இருக்கும் லிப்வெப்பியைப் பயன்படுத்திய மென்பொருளுக்கெல்லாம் ஒரே ஒரு பேக்கேஜை மாற்றியதோடு வேலை முடிந்தது. தனக்குள்ளேயே ஒரு பிரதியை வைத்திருந்த ஒவ்வொன்றையும் தேடிப்பிடித்துத் தனித்தனியாகத் திரும்பக் கட்ட வேண்டியிருந்தது.

ஆகவே முதல் வேலை, உள்ளே இருக்கும் ஒவ்வொரு லைப்ரரிக்கும் ஒரு வரி எழுதிப் பட்டியல் போடுவது. என்ன பதிப்பு, டெபியனில் இருக்கிறதா, இருந்தால் எந்தப் பதிப்பு, மூல ஆசிரியர்கள் அதைத் திருத்தியிருக்கிறார்களா. கடைசிக் கேள்விதான் முக்கியம். அந்த லைப்ரரியின் அதே பதிப்பை அதன் சொந்த இடத்திலிருந்து இறக்கி, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை டிஃப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பில்ட் கோப்புகள் மட்டும்தான் மாறியிருக்கும். அதைத் தயங்காமல் தூக்கலாம். உள்ளே புதிய ஃபங்ஷன் சேர்த்திருந்தால் அது இனிமேல் வேறு லைப்ரரி. அதை வைத்துக்கொண்டு, ஏன் வைத்தீர்கள் என்று டெபியன் அடைவில் இருக்கும் ரீட்மீ கோப்பில் எழுதி வையுங்கள்.

சிஸ்டம் லைப்ரரியைப் பயன்படுத்தச் சொல்லிக் கன்ஃபிகர் (பில்ட்டுக்கு முன் சூழலைச் சோதிக்கும் கட்டம்) விருப்பத்தை மாற்றினால் போதாதா, அடைவை ஏன் அழிக்க வேண்டும் என்று கேட்பார்கள். போதாது. பல பில்ட் அமைப்புகள் சிஸ்டத்தில் இருப்பது கொஞ்சம் பழையது என்று தெரிந்தால், சத்தமே இல்லாமல் உள்ளே இருக்கும் பிரதிக்குத் தாவிவிடும். பில்ட் வெற்றி என்று வரும், நீங்களும் நம்பிவிடுவீர்கள். அடைவே இல்லையென்றால் முதல் நிமிடத்திலேயே கத்திக்கொண்டு நிற்கும். அதுதான் நமக்கு வேண்டும்.

வெட்டுவதைக் கையால் செய்ய வேண்டாம். காப்பிரைட் கோப்பின் தலைப்புப் பத்தியில் ஃபைல்ஸ்-எக்ஸ்க்ளூடட் என்ற புலத்தில் அழிக்க வேண்டியவற்றை எழுதிவிட்டால், யூஸ்கேன் என்ற கருவி புதிய பதிப்பை இறக்கும்போதே அவற்றை நீக்கி டார்பாலைத் திரும்பக் கட்டித் தரும். அப்படிக் கட்டியதன் பதிப்பு எண்ணுக்குப் பின்னால் ஒரு வால் சேர்க்க வேண்டும். உரிமச் சிக்கலுக்காக வெட்டினால் +டிஎஃப்எஸ்ஜி (டெபியனின் கட்டற்ற மென்பொருள் நெறிகளின் சுருக்கம்), இடத்தை மிச்சப்படுத்த மட்டும் என்றால் +டிஎஸ். ஒரு பெயரில் ஏற்றிய மூல டார்பாலைக் களஞ்சியத்தில் பிறகு மாற்றவே முடியாது. ஒரு கோப்பை வெட்ட மறந்துவிட்டால் +டிஎஃப்எஸ்ஜி2 என்று புதுப் பெயரில்தான் வர வேண்டும்.

உரிமச் சிக்கல் நிரலில் அவ்வளவாக ஒளிந்திருக்காது. டெஸ்ட் அடைவில் இருக்கும். வணிகப் பயன்பாட்டுக்கு இல்லை என்ற நிபந்தனையோடு வந்த மாதிரிப் படம், எங்கிருந்தோ எடுத்துப் போட்ட எழுத்துரு, ஐசிசி வண்ணக் கோப்பு, விண்டோஸ் டிஎல்எல், மூலமே இல்லாத ஜாவா ஜார் கோப்பு. இணைய நெறிமுறைகளை விளக்கும் ஆர்எஃப்சி ஆவணங்களைக்கூட டெபியன் கட்டற்றதாக ஏற்பதில்லை, அவற்றைத் திருத்தி வெளியிட அனுமதி இல்லாததால். சுருக்கிய ஜாவாஸ்கிரிப்ட் இன்னொரு வம்பு: ஒரே வரியில் 80,000 எழுத்து இருக்கும் கோப்பு மூலநிரல் ஆகாது. சுருக்காத மூலத்தைப் பக்கத்தில் வைக்க வேண்டும், இல்லையென்றால் டெபியனில் ஏற்கெனவே இருக்கும் பேக்கேஜுக்கு இணைப்புக் கொடுக்க வேண்டும்.

காப்பிரைட் கோப்பை எழுதுவது அலுப்பு, ஆனால் தப்ப முடியாது. கோப்புகளின் உரிமத்தைப் பட்டியலிடும் லைசென்ஸ்செக்கை ஓட்டினால் ஆயிரக்கணக்கான வரி கொட்டும். அதை அடைவுவாரியாகத் தொகுங்கள். ஒரு கோப்புக்குப் பல பத்திகள் பொருந்தினால் கடைசிப் பத்திதான் செல்லும். அதனால் எல்லாவற்றுக்கும் பொருந்தும் நட்சத்திரக்குறிப் பத்தி முதலிலும், குறிப்பிட்டவை கீழேயும் வர வேண்டும். வரிசை தலைகீழானால் நாற்பது பத்தி எழுதியும் ஒன்றும் எழுதாதது போலத்தான். முதல்முறை ஏற்றும்போது, புதியவை பரிசீலனைக்குக் காத்திருக்கும் நியூ வரிசையில் டெபியன் குழு மனிதர்கள் இதை உட்கார்ந்து வாசிக்கிறார்கள். பின்னால் புதிய பைனரி பேக்கேஜ் (பயனர் நிறுவும் பேக்கேஜ்) பெயர் ஒன்றைச் சேர்த்தாலும் மறுபடி அதே வரிசைதான். எத்தனை துண்டாகப் பிரிப்பது என்பதை ஏற்றுவதற்கு முன்பே யோசித்துவிடுவது நல்லது.

இணையம் இல்லாத அறையில் பில்ட்

உங்கள் கணினியில் பில்ட் ஆவது எதையும் நிரூபிக்காது. அங்கே நீங்கள் வருடக்கணக்கில் நிறுவிய எல்லாமே இருக்கும். எஸ்பில்ட் என்ற பில்ட் கருவி தரும் வெறும் சூழலில், பில்ட்டுக்குத் தேவை என்று கண்ட்ரோல் கோப்பின் பில்ட்-டிபெண்ட்ஸ் புலத்தில் எழுதியவை மட்டும் இருக்க, இணையம் மூடிய நிலையில் ஆக வேண்டும். பில்ட் அமைப்பான சிமேக் வழியாக இறக்குவது, லைப்ரரிகளை இறக்கித் தரும் கார்கோ, பிப், என்பிஎம் எதுவும் வெளியே கை நீட்டக் கூடாது.

கவனமாகப் பார்க்க வேண்டியது, தானாகத் தேடிக்கொள்ளும் விருப்ப வசதிகள். லைப்ரரி இருந்தால் சேர்ப்பேன், இல்லாவிட்டால் விட்டுவிடுவேன் என்று எழுதப்பட்ட கன்ஃபிகர் பேக்கேஜ் கட்டுபவருக்குப் பகை. பில்ட்-டிபெண்ட்ஸில் ஒரு பெயரை விட்டுவிட்டால் பில்ட் உடையாது. பிடிஎஃப் ஏற்றுமதி மட்டும் மெனுவிலிருந்து காணாமல் போகும். தேவையான ஒவ்வொரு வசதியையும் வெளிப்படையாக ஆன் என்றும், வேண்டாததை ஆஃப் என்றும் ரூல்ஸில் எழுதுங்கள். வரி கூடும், பரவாயில்லை. ஆன் என்று எழுதியும் லைப்ரரி கிடைக்காதபோது நிற்காமல் போகும் சிமேக் கோப்புகள் உண்டு. அங்கே ரிக்வயர்ட் என்று சேர்த்து ஒரு பேட்ச் போட்டு, அதை மூல ஆசிரியர்களுக்கும் அனுப்பிவிடுங்கள்.

கம்பைலர் கொடிகளில் இரண்டைத் தேடி அழிக்க வேண்டும். -மார்ச்=நேட்டிவ் இருந்தால், பில்ட் செய்யும் சர்வரின் புதிய பிராசஸருக்கான கட்டளைகள் பைனரியில் ஏறிவிடும்; பழைய கணினியில் திறந்ததுமே 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்' என்று செத்து விழும். -டபிள்யூஎரர் இருந்தால், ஜிசிசி கம்பைலரின் அடுத்த பதிப்பு புதிதாக ஒரு எச்சரிக்கை சொன்ன அன்றே பில்ட் உடையும். டிபிகேஜி-பில்ட்ஃப்ளாக்ஸ் தரும் பாதுகாப்புக் கொடிகளை மென்பொருளின் சொந்த பில்ட் கோப்புகள் மேலெழுதுகின்றனவா என்பதையும் பாருங்கள். பில்ட் பதிவில் முழுக் கட்டளையும் தெரியும்படி விரிவான வெளியீட்டை இயக்கி வைத்தால்தான் இதைக் கண்டுபிடிக்க முடியும்.

நினைவகம்தான் பெரிய மென்பொருளுக்கே உரிய சிக்கல். டெம்ப்ளேட் நிறைந்த சி++ கோப்பு ஒன்றைக் கம்பைல் செய்ய ஒன்று முதல் இரண்டு ஜிபி ரேம் பிடிப்பது சாதாரணம். 16 கோர், 16 ஜிபி இருக்கும் கணினியில் 16 வேலைகளை ஒன்றாக ஓட்டினால் கெர்னல் ஏதாவது ஒன்றைக் கொன்றுவிடும். பதிவில் வருவது சிசி1பிளஸ் (ஜிசிசியின் சி++ கம்பைலர்) 'கில்ட்' என்ற ஒற்றை வரி மட்டுமே. மெமரி என்ற சொல்லே அதில் இருக்காது. புதிதாக வருபவர் கம்பைலர் பிழை என்று நினைத்து இரண்டு நாள் தேடுவார். வழி எளிது. மொத்த ரேமை இரண்டு ஜிபியால் வகுத்து, அதையும் கோர் எண்ணிக்கையையும் ஒப்பிட்டு, சிறியதை டெப்ஹெல்பரின் டிஹெச் கட்டளையில் மேக்ஸ்-பேரலல் விருப்பத்துக்குக் கொடுங்கள். இணைக்கும் கட்டம் இன்னும் மோசம். டீபக் தகவலோடு பெரிய லைப்ரரி ஒன்றை லிங்க் செய்ய எட்டு, பத்து ஜிபி கேட்கும். பில்ட் வேலைகளை ஓட்டும் நின்ஜாவில் லிங்க் வேலைகளுக்குத் தனிக் குழு அமைத்து, ஒரு நேரத்தில் ஒன்று என்று கட்டுப்படுத்தலாம்; சிமேக்கில் அதற்கென்றே ஒரு மாறி இருக்கிறது.

32 பிட்டில் எவ்வளவு ரேம் போட்டாலும் பயனில்லை, ஒரு பிராசஸுக்கு 4 ஜிபிக்கு மேல் முகவரியே கிடையாது. அங்கே மட்டும் டீபக் தகவலை -ஜி1 என்று குறைத்து, லிங்கருக்கு நினைவகத்தைப் பிடித்து வைக்காதே என்று சொல்லும் கொடியைக் கொடுத்தால் பெரும்பாலும் தாண்டிவிடும்.

எல்டிஓ (லிங்க் செய்யும்போது முழு நிரலையும் மேம்படுத்துவது) போட்டு லிங்க் செய்தால் இன்னொரு விநோதம். ஒரு எழுத்துகூட வெளியே அச்சிடாமல் மணிக்கணக்கில் ஓடும். 150 நிமிடம் வெளியீடே இல்லையென்றால், தொங்கிவிட்டது என்று எஸ்பில்ட் அதை நிறுத்திவிடும். மெதுவான ஆர்க்கிடெக்சர்களில் மட்டும் பில்ட் செத்தால் பதிவின் கடைசி வரியில் இதைத் தேடுங்கள்.

ஆர்க்கிடெக்சர் என்றதும் இன்னும் மூன்று. 'சார்' வகை எக்ஸ்86-இல் குறியுள்ளது, ஆர்மில் குறியற்றது. மைனஸ் ஒன்றோடு ஒப்பிடும் நிரல் ஆர்மில் முடிவில்லாமல் சுற்றும். ஐபிஎம் மெயின்பிரேம்களின் எஸ்390எக்ஸ் பெரிய-முனை பைட் வரிசை. கோப்பு வடிவங்களை நேரடியாக நினைவகத்தில் வாசிக்கும் நிரல் அங்கே டெஸ்டில் விழும். சில 32 பிட் இயந்திரங்களில் 64 பிட் அட்டாமிக் செயல்பாடுகளுக்கு லிப்அட்டாமிக்கைத் தனியாக இணைக்க வேண்டும். ஒரு ஆர்க்கிடெக்சரில் இதுவரை பில்ட் ஆனதே இல்லையென்றால் அது யாரையும் தடுக்காது. ஒருமுறை ஆகிவிட்டுப் பிறகு உடைந்தால் அந்தப் பதிப்பு, அடுத்த ஸ்டேபிள் வெளியீடாகும் டெஸ்டிங் கிளைக்குப் போகாமல் நின்றுவிடும்.

துண்டு போடுவது

300 எம்பி ஐகானும் மாதிரிக் கோப்பும் முதன்மைப் பேக்கேஜுக்குள் இருந்தால், எட்டு ஆர்க்கிடெக்சருக்கு எட்டுப் பிரதி, ஒரு பதிப்புக்கு 2.4 ஜிபி, அதுவும் உலகத்தில் இருக்கும் ஒவ்வொரு மிரரிலும். எந்த இயந்திரத்திலும் மாறாத கோப்புகளை -டேட்டா என்ற தனிப் பேக்கேஜுக்குத் தள்ளி, ஆர்க்கிடெக்சர் ஆல் என்று குறித்தால் ஒரே பிரதி போதும்.

இரண்டும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும் என்று சார்பு எழுதும்போது பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. முதன்மைப் பேக்கேஜ், -டேட்டாவின் பதிப்பைக் குறிக்க சோர்ஸ்:வெர்ஷன் மாறியைப் பயன்படுத்த வேண்டும், பைனரி:வெர்ஷனை அல்ல. ஏதோ ஒரு லைப்ரரி மாறியதால் உங்கள் மென்பொருளை மூலம் மாறாமல் திரும்பக் கட்டும்போது 24.2-1 என்பது 24.2-1+பி1 ஆகிறது. ஆர்க்கிடெக்சர் ஆல் பேக்கேஜ் திரும்பக் கட்டப்படாது, அது 24.2-1 ஆகவே இருக்கும். பைனரி:வெர்ஷன் எழுதியிருந்தால், இல்லாத 24.2-1+பி1 டேட்டாவைக் கேட்டுக்கொண்டு நிறுவ முடியாமல் கிடக்கும்.

பைனரிகள் எந்த லைப்ரரிகளோடு இணைந்திருக்கின்றன என்பதை டிபிகேஜி-எஸ்ஹெச்லிப்டெப்ஸ் தானே படித்துச் சார்புகளை எழுதிவிடும். ஓடும்போது டிஎல்ஓப்பன் வழியாகத் திறப்பவை மட்டும் அதன் கண்ணில் படாது. வல்கன், ஒலி, அச்சு போன்றவை பெரும்பாலும் அப்படித்தான் வரும். மூலநிரலில் டிஎல்ஓப்பன், க்யூலைப்ரரி என்று தேடி, கிடைப்பவற்றைக் கையால் டிபெண்ட்ஸிலோ ரெக்கமெண்ட்ஸிலோ எழுதுங்கள். மென்பொருளுக்கு மட்டுமேயான உள் லைப்ரரிகளைப் பொது லைப்ரரி அடைவில் கொட்டாமல், அதன் கீழே மென்பொருளின் பெயரில் தனி அடைவில் வையுங்கள்.

கோப்பு இடம் மாறும்போது

முதல் பதிப்பு தானாகவே நன்றாக இருக்கும். வினை ஆரம்பிப்பது, நேற்றுவரை முதன்மைப் பேக்கேஜில் இருந்த ஒரு கோப்பு இன்று -டேட்டாவுக்குப் போகும்போது. புதிய -டேட்டாவை விரிக்க வரும் டிபிகேஜி (பேக்கேஜ்களை நிறுவும் கருவி), அதே கோப்பு இன்னொரு பேக்கேஜுக்குச் சொந்தம் என்று பார்த்து, மேலெழுத மாட்டேன் என்று நின்றுவிடும். பயனரின் அப்கிரேட் பாதியில் தொங்கும். புதிதாக நிறுவிச் சோதித்தால் இது தெரியவே தெரியாது.

24.2-1 பதிப்பில் நகர்த்தினீர்கள் என்றால், -டேட்டாவின் பத்தியில் முதன்மைப் பேக்கேஜைக் குறித்து பிரேக்ஸ் (அதோடு ஒத்துப்போகாது), ரீப்ளேஸஸ் (அதன் கோப்பை மேலெழுதலாம்) இரண்டும் எழுத வேண்டும், இரண்டிலும் << 24.2-1~ (அதற்கு முந்தைய பதிப்புகளுக்கு மட்டும்) என்ற வரம்போடு. ரீப்ளேஸஸ் மட்டும் எழுதினால் கோப்பு கை மாறும், ஆனால் பழைய முதன்மைப் பேக்கேஜ் அப்படியே இருக்க முடியும். பிறகு யாராவது -டேட்டாவை நீக்கினால் அந்தக் கோப்பும் போய்ப் பழையது முடமாகும். கடைசியில் இருக்கும் ~ குறி அலங்காரமில்லை. டெபியனில் ~ எதற்கும் முன்னால் வரும், வெறுமைக்கும் முன்னால். பழைய டெபியன் வெளியீட்டுக்காகத் திரும்பக் கட்டி பேக்போர்ட் செய்தால் பதிப்பு 24.2-1~பிபிஓ12+1 ஆகும், அது 24.2-1-ஐ விடச் சிறியது. ~ இல்லாமல் எழுதினால், ஏற்கெனவே கோப்பை நகர்த்திவிட்ட பேக்போர்ட்டையும் உடைந்தது என்று சொன்னதாகிவிடும்.

சோதனை வெளியீடுகளுக்கும் இதே குறிதான். 24.2~ஆர்சி1 என்று எழுதினால் பின்னால் வரும் 24.2 தானாகவே பெரியது. 24.2ஆர்சி1 என்று ஏற்றிவிட்டால் 24.2 அதைவிடச் சிறியதாகிவிடும், அதைச் சரிசெய்ய எண்ணுக்கு முன்னால் ஈபாக் (மற்ற எல்லாவற்றுக்கும் முன்பாக ஒப்பிடப்படும் எண்) போடத் தோன்றும். ஒருமுறை போட்ட ஈபாக்கை அந்தப் பேக்கேஜ் இருக்கும்வரை எடுக்க முடியாது. என்னைக் கேட்டால், அடுத்த பதிப்பு வரும்வரை அசிங்கமான எண் ஒன்றோடு ஓட்டிவிடுவதே மேல்.

அடைவு இருந்த இடத்தில் சிம்லிங்க் வைப்பதும் இதே ரகப் பொறி. உள்ளே இருந்த எழுத்துரு அடைவை நீக்கி, சிஸ்டம் எழுத்துரு அடைவுக்கு இணைப்புப் போட்டால், புதிதாக நிறுவுபவருக்குச் சரியாக வரும். பழைய பதிப்பிலிருந்து வருபவரிடம் டிபிகேஜி அடைவை சிம்லிங்காக மாற்றாது. காலி அடைவுதான் மிஞ்சும். அதற்கு மெயின்ட்ஸ்கிரிப்ட் கோப்பில் டிர்_டு_சிம்லிங்க் என்று ஒரு வரி வேண்டும்.

சோதனையும் அடுத்த பதிப்பும்

பேக்கேஜில் இருக்கும் தவறுகளைத் தேடும் லின்டியனின் எச்சரிக்கை எல்லாவற்றையும் துடைத்துவிட வேண்டும் என்று முனைவது வீண். பிழை என்று சொல்வதைத் திருத்துங்கள், மற்றதை வாசித்து முடிவெடுங்கள். ஸ்டேபிளில் இருக்கும் பழைய பதிப்பை நிறுவி, அதன்மேல் புதியதை அப்கிரேட் செய்து, நீக்கிப் பார்க்கும் பியூபார்ட்ஸ்தான் மேலே சொன்ன சிக்கல்களைப் பிடிக்கும். மென்பொருளின் சொந்த டெஸ்ட் தொகுப்பில் சில நாலு தடவைக்கு ஒரு தடவை விழும். மொத்தத் தொகுப்பையும் தோற்றாலும் போகட்டும் என்று விட்டுவிடாமல், விழுவதைப் பெயர் சொல்லி விலக்கி, காரணத்தைப் பக்கத்தில் எழுதுங்கள். நிறுவிய பேக்கேஜைச் சோதிக்கும் ஆட்டோபிகேஜிடெஸ்டுக்குப் பெரிதாக ஒன்றும் வேண்டாம்: எக்ஸ்விஎஃப்பி என்ற போலித் திரைக்குள் மென்பொருளைத் திறந்து, ஒரு மாதிரிக் கோப்பை வேறு வடிவத்துக்கு மாற்றி, வெளிவந்தது காலியில்லை என்று பார்த்தால் விடுபட்ட சார்புகளில் பாதி அதிலேயே தெரிந்துவிடும்.

பேட்ச் ஒவ்வொன்றின் தலையிலும் விளக்கம், எங்கிருந்து வந்தது, மூல ஆசிரியர்களுக்கு அனுப்பியாயிற்றா என்ற மூன்றும் இருக்கட்டும். அனுப்பாத பேட்ச் ஒவ்வொரு பதிப்பிலும் இடம் மாறி நிற்காமல் போகும், ஒவ்வொரு தடவையும் நீங்கள்தான் உட்கார்ந்து பொருத்த வேண்டும். முப்பது பேட்ச் சேர்ந்துவிட்டால் அதற்கே ஒரு வார இறுதி போகும்.

புதிய பதிப்பு வரும்போது முதலில் பார்க்க வேண்டியது நிரல் மாற்றத்தை அல்ல, தேர்ட்_பார்ட்டி அடைவின் பட்டியலில் என்ன கூடியிருக்கிறது என்பதை. அடுத்து லைசென்ஸ்செக் வெளியீட்டைப் பழையதோடு டிஃப் போடுங்கள். பில்ட் முடிந்ததும் பழைய, புதிய பைனரிகளின் கோப்புப் பட்டியலை டெப்டிஃப் ஒப்பிட்டுக் காட்டும். டெப்ஹெல்பர் 13-ஆம் நிலையில், பில்ட் நிறுவிய கோப்பு ஒன்று எந்தப் பேக்கேஜிலும் சேராமல் விடுபட்டால் பிழை சொல்லி நிறுத்தும். ஆனால் உருவாகவே இல்லாத கோப்பைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. மொழிபெயர்ப்புக் கருவியான கெட்டெக்ஸ்ட் பில்ட்-டிபெண்ட்ஸிலிருந்து தவறி விழுந்திருந்தால் மொழிபெயர்ப்புகளை சிமேக் அமைதியாகத் தாண்டிப் போயிருக்கும், இன்ஸ்டால் கோப்பில் அடைவின் பெயரை மட்டும் எழுதியிருந்தால் அங்கேயும் பிழை வராது. டெப்டிஃப் வெளியீட்டில் மட்டும், பழையதில் இருந்து புதியதில் இல்லாதவை என்ற தலைப்பின் கீழே 60 .எம்ஓ மொழிபெயர்ப்புக் கோப்புகள் வரிசையாக நிற்கும்.